வீட்டில் சீமெண்ணெய் இருந்தது

முதலில் வந்தது தலைவலிதான். ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கு உண்ணி எடுத்தவள், அடுத்த வாரம் நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தாள். என் மனைவி அம்சா பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. வெயில் என்று நினைத்தேன். மாடு வைத்திருப்பவர்கள் என்னைப்போல் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

காட்டுப்பாக்கத்தில் எங்களுக்கு ஒரு மாடும், அதன் கொட்டகையிலேயே சுருண்டு கிடக்கும் ஒரு நாயும் உண்டு. நான் பூந்தமல்லியில் தபால் கொடுப்பவன். முந்தைய வருஷம் இன்னொரு மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்து மூன்றே நாளில் செத்தது. அதற்கு உண்ணிதான் காரணம் என்று மாட்டு டாக்டர் சொன்னார். உண்ணி ரத்தம் குடித்து வயிறு ஊதியதும் உதிர்ந்து, சுவர் வெடிப்பில் போய் முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் வேறொரு உடம்பைத் தேடி ஏறும். அவர் சொன்ன பிறகு அம்சா ஞாயிறுதோறும் மாட்டையும் நாயையும் தடவித் தடவி உண்ணி எடுப்பாள். கொட்டாங்கச்சியில் கொஞ்சம் சீமெண்ணெய் ஊற்றி அதில் போடுவாள்.

யுத்தம் வந்தது. ஆவடிப் பக்கமெல்லாம் பட்டாளம் வந்து இறங்கியது. சீமெண்ணெய் அரிதாயிற்று. எனக்கோ பொழுது சாய்ந்தால் விளக்கு வேண்டும், பத்திரிகை வாசிக்க. அம்சாவுக்கு எழுத்துத் தெரியாது. நான் சத்தமாக வாசிப்பேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். எந்த ஊர் விழுந்தது, எந்தக் கப்பல் மூழ்கியது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டாங்கச்சியைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"உண்ணிக்குப் போயி சீமெண்ணய ஊத்திக்கினு கீற. நகத்துல வெச்சு நசுக்கிடு, போதும்."

"சரிங்க," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. பேன் நசுக்காத நகம் எந்த வீட்டில் இருக்கிறது? இதையும் அதுபோலத்தான் எண்ணினேன்.

தலைவலிக்குப் பின்னாலேயே காய்ச்சல் கொதித்தது. நாலாம் நாள் மணிக்கட்டில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. வானகரத்திலிருந்து என் அக்கா வந்து பார்த்தாள்.

"ஆத்தா வந்துகீறா. டாக்டரு கீக்டருன்னு எங்கியும் இட்டுக்கினு போயிடாத," என்றாள்.

வாசலில் வேப்பிலை செருகினோம். அடுப்பில் தாளிப்பு நின்றது. அம்மை கண்ட வீட்டில் மருந்து கொடுத்தால் அம்மன் கோபிப்பாள் என்பதில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அக்காவை எதிர்த்துப் பேசும் துணிச்சலும் இல்லை. ஊரெல்லாம் போய்க் கதவைத் தட்டுகிறவனின் லட்சணம் இது.

புள்ளிகள் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் பரவின. ஒன்றுகூட நீர் கோக்கவில்லை. அம்மை முத்து இப்படியா இருக்கும் என்று ஆறாம் நாளே எனக்குத் தோன்றியது. தோன்றியதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த மூன்று நாட்களை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் அம்சா என்னை யாரோ போலப் பார்த்து, "தபால்காரரே, எங்க ஊட்டுக்குக் கடுதாசி எதுனா கீதா?" என்று கேட்டாள். உடனே வண்டி கட்டினேன். அக்கா கத்தியது காதில் விழுந்தது. நிற்கவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். மறுநாள் காலை அவளுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது. டாக்டர் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தை ஒட்டி ஒரு கறுத்த பொருக்கு (புண்ணின் மேல் காய்ந்து படிந்த மூடி) இருந்தது.

"வீட்ல மாடு, நாய் இருக்கா? உண்ணி எடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"நகத்துல நசுக்குவா, சார்."

"இது அம்மை இல்லை. உண்ணிக் காய்ச்சல்," என்றார். உண்ணியின் உடம்புக்குள் இருக்கும் நுண்கிருமி (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய உயிர்), நசுக்கும்போது நகத்தடிக் கீறல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும் என்று விளக்கினார். "சீமெண்ணெய்ல போட்டிருக்கலாமே?"

"கெடைக்கல சார்," என்றேன்.

வீட்டு மாடத்தில் அரைப் புட்டி இருந்தது. அம்சா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஆமா சார். ஊட்ல சொட்டுகூட இல்ல," என்றாள்.

"வெந்நீர் போதுமே அம்மா," என்றார் அவர். கொதிக்கிற தண்ணீரில் போட்டிருந்தால் போதுமாம். அது எனக்குத் தோன்றவே இல்லை.

இந்தக் காய்ச்சலுக்கென்று தனியாக மருந்து கிடையாது, தண்ணீரும் கஞ்சியும் ஈரத்துணியும்தான் என்றார். முன்பே வந்திருந்தால் என்று இழுத்தேன். "தெம்பு இருக்கும்போதே வந்திருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

பதினாறாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அம்சா பிழைத்தாள். சந்தோஷத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை. டாக்டர் அவள் தலைக்குப் பின்னால் கையைத் தட்டிப் பார்த்தார். காது நரம்பைக் காய்ச்சல் கெடுத்துவிட்டது, கேட்கும் சக்தி திரும்புவது சந்தேகம் என்றார். வருஷம் ஒன்றாகிறது. திரும்பவில்லை.

காதோடு நடையின் நிதானமும் போய்விட்டது; இப்போது அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடக்கிறாள். தபால் வேலையில் மணி பார்த்தே ஓடிப் பழகியவன் நான். இன்று வீட்டுக்கு வந்தால், அவள் முகம் என் பக்கம் திரும்பும்வரை வாசலில் காத்து நிற்கிறேன். ஞாயிறுதோறும் நானே துணியைச் சுற்றிக்கொண்டு உண்ணி எடுத்து வெந்நீரில் போடுகிறேன்.

அவளிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால் கேட்காது. எழுதினால் வாசிக்கத் தெரியாது. போன மாதம் ஒரு சாயங்காலம், அன்றுமுதல் தொடாமலே மாடத்தில் கிடந்த அந்தச் சீமெண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து அவள் முன் வைத்தேன். கொட்டகையைக் காட்டினேன். என் கட்டைவிரல் நகங்களைச் சேர்த்து நசுக்கிக் காட்டினேன். பிறகு என் மார்பைத் தொட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் முகத்தையே பார்த்தாள். புட்டியை வாங்கி விளக்கில் ஊற்றினாள். திரியை ஏற்றிவிட்டு, பத்திரிகையை எடுத்து என் மடியில் வைத்தாள். எப்போதும்போலப் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்தாள்.

வாயை அசைத்தாலே போதும். நான் சத்தமாகத்தான் வாசிக்கிறேன்.