கொக்கி இல்லாத ஊரில் ஒரு ஃபேன் விளம்பரம்

விளம்பரப் படம் எடுப்பது ஒன்றும் கஷ்டமில்லை. எடுக்கச் சொல்லி ஒருத்தர் காசு கொடுப்பதுதான் கஷ்டம். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் என் சக பாவிகளே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் அமுதா. குன்னூருக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா டீ ஃபேக்டரியில், பறித்த இலையைப் பெரிய பெரிய ஃபேன் போட்டு வாட்டும் பிரிவில் இருக்கிறார். நான் கோயம்புத்தூரில் விஸ்காம் படித்து, ஒரு கல்யாண ஸ்டுடியோவில் கொஞ்ச காலம் லைட் பிடித்து, அந்தச் சம்பளத்தில் ஒரு பழைய கேமராவை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன். இனி விளம்பரப் படம்தான் என் தொழில் என்று வீட்டில் அறிவித்தபோது எனக்கு அப்படியொரு குஷி. அம்மாவுக்கு இல்லை. அக்கா வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு இடம் சொல்லி வைத்திருந்தார். கட்டுக் கட்டாக வரும் பனியனை எண்ணி அடுக்கும் வேலை. நான் அழுது அடம்பிடித்து ஒரு தவணை வாங்கினேன். அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்:

“ஆயுத பூஜைக்கு அந்தக் கேமராவுக்குப் பொட்டு வெக்கணும்னா, அதுக்குள்ள அது ஒரு தடவையாவது சம்பாதிச்சிருக்கணும். கல்யாணம், காதுகுத்து எல்லாம் சேத்தி இல்ல. நீ சொல்றியே விளம்பரம், அதுல! இல்லேன்னா திருப்பூர் பஸ்ஸுதான்.”

நமுத்துப் போன வர்க்கி

முதல் ஆள் மாட்டினார்! குன்னூர் கடைவீதியில் வர்க்கி, அதாவது எங்கள் மலையின் மொறுமொறு பிஸ்கட், போடும் பேக்கரிக்காரர். கடைக்குள் ஒரு டிவி வைத்திருந்தார். அதில் ஓட்ட ஒரு சின்னப் படம் வேண்டும், வர்க்கியைக் கடித்தால் ‘கருக்’கென்று சத்தம் கேட்க வேண்டும் என்றார். இவ்வளவுதானே என்று துள்ளிக் குதித்துப் போனேன். ஆனால் அது மழைக்காலத்தின் ஆரம்பம். அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கி, நான் மைக்கைச் சரிசெய்வதற்குள் நமுத்துவிடும். கடித்தால் சத்தம் வராது, மாவுதான் உதிரும். மறுபடி சுடு, மறுபடி கடி. கடைசியில் அடுப்பு வாயிலேயே மைக்கைக் கட்டி, வேர்த்து ஒழுக ஒழுக, நானே கடித்துச் சத்தத்தைப் பிடித்தேன்.

படம் பிரமாதமாக வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் டிவியைப் பார்த்துவிட்டு எச்சில் விழுங்குவதை நானே நின்று பார்த்தேன். பேக்கரிக்காரருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு பெரிய பை நிறைய வர்க்கியைக் கட்டிக் கையில் கொடுத்து, “நல்லா வருவ கண்ணு” என்று வாழ்த்தி அனுப்பிவிட்டார். காசு என்ற பேச்சே எழவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒன்றை எடுத்து டீயில் முக்கித் தின்றுவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு. இதைக் கொண்டுபோய்க் குடுத்தா மளிகைக் கடைக்காரரு அரிசி போடுவாரான்னு கேட்டுட்டு வா.”

பனியும் வீடும்

அடுத்து ஒரு ஹோம்ஸ்டே. சொந்தக்காரர் ஈரோட்டுப் பக்கத்தவர். மொட்டை மாடியில் நின்றால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், அதை எடுத்துக் கொடுத்தால் காசு என்றார். போன நாளெல்லாம் பனி. மாடி தெரிந்தால் பள்ளத்தாக்கு தெரியாது. பள்ளத்தாக்கு திறந்தால் அதற்குள் பனி மாடியை மூடிவிடும். சரி, பனியையே எடுப்போம் என்று துணிந்தேன். வீட்டைச் சுற்றிப் பனி ஊர்ந்து வருகிறது, ஜன்னலில் மஞ்சள் விளக்கு, கூரை மட்டும் மிதக்கிறது. எனக்கே புல்லரித்துவிட்டது. போனில் போட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகக் கடைசி வரை பார்த்தார்.

“ஏனுங்க அம்மிணி, நல்லாத்தான் எடுத்திருக்கறீங்க. ஆனா பாக்கறவன் நம்ம ஊடு தீப்புடிச்சுப் பொகையுதுன்னு நெனச்சுக்குவானுங்களே!”

கேத்தி கேரட்

கேத்தியில் ஒரு கேரட் வியாபாரியிடம் போனேன். மெஷினில் கழுவின கேரட் மலைபோலக் குவிந்து, வெயிலில் தகதகவென்று கிடந்தது. கேமராவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! ஆசையில் மூச்சுவிடாமல் பேசினேன். ஸ்லோ மோஷன் என்றேன், தண்ணீர்த் துளி என்றேன், மியூசிக் என்றேன். அவர் மூட்டை தைப்பதை நிறுத்தவே இல்லை.

“இது வாயே தொறக்காம மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போயி வித்துட்டு வந்துருது கண்ணு. இதுக்குப் பாட்டு எல்லாம் எதுக்கு?”

ரிகர்சல்

இந்தச் சம்பவத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்னத் தேயிலைத் தோட்டக்காரர், சொந்தமாக டீத்தூள் பாக்கெட் போடப் போகிறார். காசு கொடுப்பதாக வாயைத் திறந்து சொன்ன முதல் மனிதர்! கொழுந்து பறிக்கும் காட்சி கட்டாயம் வேண்டும் என்றார். இப்போது பாதித் தோட்டத்தில் கத்தரி போட்டு வெட்டுகிறார்கள். படத்துக்குக் கைதான் அழகு. அம்மாவையும் அம்மாவோடு பறிக்கும் பாக்கியம் அக்காவையும் அவர்கள் கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமை லீவில் கூட்டிப்போனேன். எல்லோரும் பட்டுப்புடவையில் வந்து இறங்கினார்கள். கெஞ்சிக் கூத்தாடி, இடுப்பில் சாக்கைக் கட்ட வைத்தேன்.

மழைக்கு நடுவில் அன்றைக்கென்று பளீரென்று வெயில். பதற்றத்தில் நான், “முதல்ல ஒரு ரிகர்சல் பாத்துடலாம்” என்றேன். பாக்கியம் அக்கா “சரி” என்றார். அவ்வளவுதான்! சரசரவென்று கை ஓடியது. நான் கேமராவை இப்படி நகர்த்தி, அப்படி நகர்த்தி, லென்ஸைத் துடைத்து, “ஆ, இப்ப டேக்!” என்று நிமிர்ந்தால் செடியில் ஒரு கொழுந்து இல்லை. பறிக்கும் பதத்தில் இருந்ததே அந்த ஒரு துண்டுக் காடுதான். எல்லாம் கூடையில். அந்த அம்மாக்களுக்குப் பொய்யாகப் பறிக்கத் தெரியாது என்பது, அவர்கள் நடுவிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். தோட்டக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, பெங்களூரிலிருந்து வேறு படக்காரர்களைக் கூட்டி வரப் போனார். பாக்கியம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்:

“ரிகர்சலுன்னா பறிக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே பிள்ள? இன்னொரு தடவை வேணும்னா, கொழுந்து வந்ததும் வா.”

எங்கே மாட்டுவது?

அன்றோடு ஒரு முடிவு எடுத்தேன். இனி என் வாயிலிருந்து ரிகர்சல் என்ற வார்த்தை வராது. கேமரா முதலில் ஓட வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். முடிவு எடுத்து என்ன செய்ய? கையில் வேலை இல்லை, ஆயுத பூஜை நெருங்குகிறது. திருப்பூரிலிருந்து என் அக்கா போனில், “பனியன் கம்பெனியில ஹாஸ்டல் நல்லா இருக்குடி” என்று ஆரம்பித்துவிட்டாள்.

அப்போது வந்தது ஒரு போன். கோயம்புத்தூரில் சின்னதாக ஃபேன் கம்பெனி வைத்திருக்கும் சுப்பிரமணியம் அண்ணன். ஊட்டிக்கு வந்தபோது வர்க்கி வாங்கப் போயிருக்கிறார், டிவியில் என் படத்தைப் பார்த்திருக்கிறார், கடைக்காரரிடமே நம்பரும் வாங்கிவிட்டார். தன் ஃபேனுக்கு ஒரு விளம்பரம் வேண்டும். காசு உண்டு! “படம் எடுக்க ஊடு ஏதாச்சும் இருக்குதுங்களா?” என்றார். “எங்க வீடே இருக்குங்க! நடிக்க அப்பா, அம்மா இருக்காங்க! நீங்க ஃபேனை மட்டும் கொண்டு வாங்க!” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போனை வைத்ததும் லைன் வாசலில் ஆடினேன். பக்கத்து வீட்டு நாய் பயந்து ஓடியது.

சொன்ன நாளில் அவர் வேனில் ஃபேனோடு வந்து இறங்கினார். அரைக்கைச் சட்டை, வெள்ளை வேட்டி. வெளியே ஆவணி மாதத்துச் சாரல். வீட்டுக்குள் வந்தவர் அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். தகரக் கூரை, அதைத் தாங்கும் உத்தரம், ஒட்டடை. பிறந்ததிலிருந்து அந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறேன், ஃபேன் மாட்ட ஒரு கொக்கி வேண்டும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. லைன் முழுக்க ஓடிப்போய்க் கேட்டேன். ஒரு வீட்டிலும் இல்லை. எலெக்ட்ரிக் கடைக்குப் போன் போட்டால், “ஹீட்டர் வேணுமா?” என்கிறார்கள். சுப்பிரமணியம் அண்ணன் குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்:

“ஊடுன்னா கொக்கி இருக்கும்னு நான் நெனச்சேனுங்க. கொக்கி இல்லாத ஊரும் உலகத்துல இருக்குதுங்களா அம்மிணி?”

ஒரே டேக்

அப்பா விடவில்லை. இரண்டு உத்தரத்துக்கும் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வைத்து, கம்பியால் இறுக்கிக் கட்டி, அதில் ஃபேனைத் தொங்கவிட்டார். எழுந்து நின்றால் தலை போகும் உயரம். அதனால் எல்லோரும் தரையில் உட்கார்ந்தோம். கதை இதுதான்: புழுக்கத்தில் குடும்பம் தவிக்கிறது, ஃபேன் ஓடுகிறது, முகம் மலர்கிறது. புழுக்கத்துக்கு எங்கே போவது? அப்பாவின் ஸ்வெட்டரையும் குல்லாவையும் கழற்றச் சொல்லிப் பனியனோடு உட்கார வைத்து, வியர்வைக்காகச் செடிக்கு அடிக்கும் ஸ்பிரேயரில் பச்சைத் தண்ணீரை எடுத்து முகத்திலும் கழுத்திலும் அடித்தேன். பாவம், எனக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். கேமராவை ஓடவிட்டேன். ஃபேனைப் போட்டேன்.

முகம் மலரவில்லை, நீலம் பாரித்தது. சாமி படத்து விளக்கு அணைந்தது, காலண்டர் பறந்தது, அம்மாவின் பற்கள் தந்தியடித்தன. சுப்பிரமணியம் அண்ணன் அம்மாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, “இது சரிப்பட்டு வராதுங்க. நான் கீழ கோயம்புத்தூர்லயே யாரையாச்சும் வெச்சு எடுத்துக்கறேன்” என்று செருப்பைத் தேடினார். போச்சு! திருப்பூர் பஸ் என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. ஆனால் கேமராவை நான் நிறுத்தவில்லை.

அப்போது அப்பா ஃபேனுக்குக் கீழே இருந்து தவழ்ந்து மூலைக்குப் போனார். ஸ்வெட்டரை மாட்டினார், குல்லாவை மாட்டினார், மேலே ஒரு சாக்கையும் போர்த்திக்கொண்டார். பிறகு ஃபேனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சுப்பிரமணியம் அண்ணன் பக்கம் திரும்பினார். “முதலாளி, கோச்சுக்காதீங்க. எங்க ஃபேக்டரியில இலை வாட்ட யானை மாதிரி ஃபேன் ஓடுது, அதுகூட இப்படிக் குளிர்ந்ததில்ல. இந்த ஊர்ல பொறந்து வளந்தவன் சொல்றேன், தயவு பண்ணி இதை நிறுத்துங்க!”

“அண்ணா, போயிடாதீங்க!” என்று கத்தினேன். “இதுதாங்க விளம்பரம்! எங்கப்பா இந்த மலைக் குளிர்லயே வாழ்ந்தவரு. அவரே உங்க ஃபேனை நிறுத்தச் சொல்லிக் கும்பிடறாரு. இதுக்கு மேல என்னங்க வேணும்?” அவர் நின்றார். போட்டுக் காட்டினேன். சிரிக்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கம்பளி கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை. “தொழில் ஆரம்பிச்ச நாளா, நம்ம ஃபேன்ல காத்து நல்லா வரும்னு நான் ஒருத்தன்தானுங்க சொல்லிட்டுத் திரியறேன். நிறுத்துங்கன்னு கெஞ்சுன மொத ஆளு உங்கப்பாதானுங்க!” என்றார். நான் வாய்விட்டு அழுதேவிட்டேன், சந்தோஷத்தில்தான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதற்கும் இன்னொரு டேக் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றார். அப்பா சாக்கை இழுத்துத் தலை வரைக்கும் மூடிக்கொண்டார். பதில் சொன்னது அம்மா:

“இன்னொரு தடவை வேணும்னா, கொழுந்து வந்ததும் வாங்க.”

பொட்டு

ஃபேன் விளம்பரம் கோயம்புத்தூர்க் கேபிள் டிவியிலும் கடைகளிலும் ஓட ஆரம்பித்தது. சொன்ன காசு சொன்னபடி என் அக்கவுண்டில் விழுந்தது. விளம்பரத்தைப் பார்த்து ஒரு குக்கர் கம்பெனியும் கூப்பிட்டிருக்கிறது. ஃபேனைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக சுப்பிரமணியம் அண்ணனுக்கு மனசு வரவில்லை, அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். அது இன்னும் அதே குழாயில் தொங்குகிறது. அம்மா அதற்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கொடி கட்டி, மழையில் வாரக்கணக்கில் காயாத துணியை எல்லாம் காயப்போடுகிறார். லைனில் பாதிப் பேர் ஈரத் துணியோடு எங்கள் வாசலில்தான் நிற்கிறார்கள்.

ஆயுத பூஜை அன்று கேமராவைத் துடைத்துப் பலகையில் வைத்தேன். பக்கத்தில் அப்பா ஸ்வெட்டரை மடித்து வைத்தார், அதுவும் தொழில் செய்ததாம். அம்மா முதலில் ஃபேனுக்குப் பொட்டு வைத்தார், அடுத்து ஸ்வெட்டருக்கு. கடைசியில் கேமராவுக்கு, லென்ஸில் படாமல் பதமாக வைத்துவிட்டு, கொடியில் ஆடிக்கொண்டிருந்த அப்பாவின் பனியனைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்:

“திருப்பூருக்குப் போயி ஊரான் பனியனை எண்ண வேண்டாம், இங்கயே இருந்து உங்கப்பன் பனியனைக் காய வெச்சுக்கிட்டுப் படம் எடு.”

ஆக, சக பாவிகளே, ஃபேனே தேவைப்படாத ஊரில் ஃபேனை விற்றுத்தான் எனக்குத் தொழில் அமைந்தது, இதில் நீங்கள் கற்றுக்கொள்ள எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.