கட்டுக்கு வெளியே இரண்டு விரல்

இது நடந்தது. நடந்த அறை இன்னும் இருக்கிறது. இந்த நேரத்திலும் அங்கே யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். நள்ளிரவு இல்லை, சுடுகாடு இல்லை. நல்ல பகல். நான்கு குழல் விளக்குகள். ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம். இங்கே என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் டாக்டரம்மாவும் நினைத்திருந்தார்.

அவர் ஊசி போடும் டாக்டர் இல்லை, உளவியலாளர். தீக்காயப் பிரிவில் எல்லோரும் டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார்.

வெந்த புண்ணில் கட்டு மாற்றுவது வெந்ததைவிடக் கொடுமை. மருந்து முழுக்கக் கேட்காது. ஹிப்னாடிசம் செய்து, விழித்தும் விழிக்காத ஒரு நிலைக்குக் கொண்டுபோனால் வலி குறையும். அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். அந்த நிலையில் காதில் விழும் சொல் கட்டளைபோல உள்ளே போய் உட்காரும். தவறாக ஏதாவது சொல்லிவிட்டால், எழுப்புவதற்கு முன் அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். முதல் வகுப்பில் மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதே அதுதான்.

டாக்டரம்மாவின் ஆராய்ச்சி வேறு. குணப்படுத்துவது சொல்லா, சொல்பவரின் பரிவா?

நோயாளிகளின் சம்மதத்தோடு சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார். முதல் கூட்டத்தாரிடம், "கண்ணை மூடிக்கோங்கக்கா, நான் இங்கதான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். இரண்டாம் கூட்டத்தாருக்கும் விஷயம் அதேதான். ஆனால் அறிவிப்புப் படிப்பதுபோல. "கண்களை மூடுங்கள். உங்கள் கை குளிர்ந்த நீரில் இருக்கிறது." அக்கா கிடையாது, தம்பி கிடையாது. கையைப் பிடிப்பது கிடையவே கிடையாது.

கட்டு மாற்றும் சிஸ்டர் தினமும் கேட்பார். "இன்னிக்கு என்ன டாக்டரம்மா, மனுஷக் குரலா, ரயில்வே ஸ்டேஷன் குரலா?"

சலவைக்கடை அம்மாவுக்கு விழுந்தது ரயில்வே ஸ்டேஷன் குரல்.

நீராவியில் துணி தேய்க்கும் மிஷினில் அவருடைய வலது கை மாட்டியது. அதை விடுவிக்கப் போன இடது கையும் வெந்தது. இரண்டிலும் கட்டு. இடது கையில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் மட்டும் வெளியே தெரியும். மூன்றாம் முறை கட்டு மாற்றும்போது, கண் மூடி ஆழ்ந்திருந்தவர் அந்த இடது கையை நீட்டினார்.

"இந்த ரெண்டு விரலையாவது பிடிச்சுக்கோங்களேன்..."

டாக்டரம்மா ஸ்டூலோடு பின்னால் நகர்ந்தார். அதன் கால்கள் தரையில் கிரீச்சென்று இழுபட்டன. பிறகு அதே அறிவிப்புக் குரலில் சொன்னார்.

"தொடக் கூடாது."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். நீட்டிய கை சற்று நேரம் அந்தரத்தில் நின்று, மெல்ல மடியில் இறங்கியது.

அதற்குப் பிறகு அந்த அம்மா வரவில்லை. போன் செய்து கேட்க வேண்டும் என்று தினமும் தோன்றும். நாளைக்குச் செய்யலாம் என்று தினமும் தள்ளிப் போடுவார். கடைசியில் 'விலகியவர்' என்று கணக்கை முடித்தார். ஆராய்ச்சி என்றால் நாலு பேர் விலகத்தான் செய்வார்கள்.

மூன்று வாரம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை, லாரி மெக்கானிக் ஒருவர் வந்தார். முழங்காலில் காயம். இரண்டாம் கூட்டம். கண் விழித்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே, கையைப் பிடித்துக்கொண்டிருந்தது தெம்பாக இருந்தது, ரொம்ப நன்றி என்றார்.

டாக்டரம்மா ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்தார். சிஸ்டரின் இரண்டு கைகளும் முழங்காலில் இருந்தன.

அந்த நிலையில் மனம் எதையும் உண்டாக்கிக்கொள்ளும். இதற்குத்தானே படித்தார்... விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி. அவளும் இரண்டாம் கூட்டம்.

"யாரு மேடம் அது? கையில துணி சுத்தியிருந்துச்சு. ரெண்டு விரலாலதான் பிடிச்சுக்கிட்டாங்க."

சிஸ்டர் கையிலிருந்த இடுக்கி தட்டில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் ரயில்வே ஸ்டேஷன் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டாம் கூட்டத்தாருக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. முதல் கூட்டத்தாரைவிட. புண்ணும் சீக்கிரம் ஆறியது. பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். பரிவு எதற்கு, சொல் போதும் என்று கட்டுரையை எழுதி அனுப்பச் சொன்னார். டாக்டரம்மா எழுத உட்கார்ந்தார். ஒரு வரி ஓடவில்லை. கையைப் பிடித்தது யாரோ. பெயர் வாங்கப் போவது இவர்.

அதற்கடுத்து வந்தவர் ஒரு தச்சர். அன்று டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டு படித்தார்.

நாற்காலிக் கையில் உள்ளங்கை விரிந்து கிடந்தது. விரல்கள் மெல்ல மடங்கின. முழுக்க மூடவில்லை. எதையோ சுற்றிக்கொண்டு நின்றன. நடுவில் இடைவெளி... இரண்டு விரல் கனத்துக்கு.

உள்ளங்கைத் தோல் இரண்டு கோடாக வெளுத்தது. யாரோ அழுத்துவதுபோல.

அன்று சிஸ்டர் சாப்பிடப் போனதும் டாக்டரம்மா கதவைச் சாத்தினார். நோயாளியின் நாற்காலியில் தானே சாய்ந்தார். தன் குரல் தினமும் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கப் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுவிட்டார். மணி ஒன்று இருபது.

"கண்களை மூடுங்கள்..."

மூடினார். இடது உள்ளங்கையை விரித்து வைத்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

வெளியே ஏதோ வண்டியின் ஹாரன். பிறகு அதுவும் இல்லை.

ஸ்டூல் நகரும் சத்தம். கிரீச்.

பக்கத்தில் வந்தது.

மருந்து வாடை. ஈரத் துணி வாடை. யாரோ மூச்சு விடுகிறார்கள்... நிதானமாக.

"பிடிச்சுக்கோங்கம்மா," என்றார் டாக்டரம்மா. கண்ணைத் திறக்கவில்லை.

காத்திருந்தார்.

கையில் எதுவும் படவில்லை.

கிரீச்...

ஸ்டூல் பின்னால் நகர்ந்தது.

கண்ணைத் திறந்தபோது அறையில் யாரும் இல்லை. ஸ்டூல் ஆறடி தள்ளி, சுவரோரம் இருந்தது. அவர் அதைக் கதவருகேதான் விட்டிருந்தார்.

மாலையில் போன் செய்தார். எடுத்தது சலவைக்கடை அம்மாவின் மகள். பயத்தில் டாக்டரம்மாவுக்கு இயல்பான பேச்சே வரவில்லை; அறிவிப்புக் குரல்தான் வந்தது.

"வணக்கம். தீக்காயப் பிரிவிலிருந்து பேசுகிறேன். உங்கள் அம்மா எப்படி இருக்கிறார்?"

யார் பேசுவது என்று மகள் மறுபடி கேட்டுக்கொண்டாள்.

பிறகு மகள் சொன்னாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு புதன்கிழமை ராத்திரி. டாக்டரம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார். மெக்கானிக் வந்ததற்கு முந்தின நாள். புண் சீழ் பிடித்து உடம்பெல்லாம் ஏறிவிட்டதாம். மூன்றாம் முறை வந்துவிட்டுப் போனதிலிருந்து கட்டை யாரையும் அவிழ்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்த நர்ஸைத் திருப்பி அனுப்பினார். பெற்ற மகளைக்கூடக் கிட்டே விடவில்லை.

"கடைசியில கையைப் பிடிச்சுக்கலாம்னு போனேன். அப்பவும் விடல. தொடக் கூடாது, தொடக் கூடாதுன்னு அதையே சொன்னாங்க. எங்கம்மா அப்படிப் பேசுறவங்களே இல்ல. அது அவங்க குரலும் இல்ல."

எழுப்புவதற்கு முன் டாக்டரம்மா திரும்ப எடுக்க மறந்த சொல்.

"யாரு குரல்னு இத்தனை நாளா யோசிச்சுக்கிட்டே இருந்தேன்," என்றாள் மகள். "இப்பத் தெரிஞ்சிருச்சு."