பக்கத்தின் மூலையில் ஒரு கறை

முதலில் நான் குறை சொன்னது கருவியைத்தான்.

பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவள் நான். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ரயிலில் ஏறியதும் படிக்க ஆரம்பித்துவிடுவேன். முன்பெல்லாம் கைப்பையில் தடித்தடியான நாவல்களைத் திணித்துக்கொண்டு போவேன். நெரிசலில் அட்டை மடங்கும், பக்கம் கிழியும். போன வருடம் ஆன்லைனில் மின்னூல் படிக்கும் கருவி ஒன்றை வாங்கினேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலாலேயே பக்கம் திருப்பலாம். எழுத்தையும் வேண்டிய மட்டும் பெரிதாக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூட வயதிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவளுக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தீபாவளி நெருங்கிய ஒரு காலையில், பல்லாவரம் தாண்டும்போது, பக்கத்தின் இடது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு கறையைப் பார்த்தேன். துப்பட்டாவால் துடைத்தேன். போகவில்லை. அடுத்த பக்கத்திலும் அதே இடத்தில் இருந்தது. திரைக்குள் ஈரம் இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று எரிச்சலாக வந்தது. ஆபீஸ் போனதும் முதல் வேலையாக, விற்றவர்களுக்கு போன் செய்து புகார் சொன்னேன். பேசிய பெண் தன்மையாகப் பேசினாள். “வாரண்டி முடியல மேடம். புதுசு அனுப்பிடுறோம். கொண்டு வர்றவர்கிட்ட பழசைக் குடுத்துடுங்க.”

கொஞ்ச நாளாகவே கண்முன்னால் கறுப்புப் புள்ளிகள் கொசு மாதிரி பறந்துகொண்டிருந்தன. ஓரத்தில் அவ்வப்போது மின்னல் வெட்டும். தூக்கம் போதவில்லை என்று விட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் எனக்கு விடுமுறை. கருவியைத் தொட மனமில்லாமல், அலமாரியிலிருந்து அச்சுப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வாங்கி வைத்து வெகுநாள் திறக்காமலே இருந்த புத்தகம். திறந்தேன். தாளின் இடது கீழ் மூலையில் அதே கறை இருந்தது. முன்பைவிடப் பெரிதாக.

இன்னொரு புத்தகத்தை எடுத்தேன். அதிலும் இருந்தது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன், சுவரிலும் இருந்தது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு மறுபடி பக்கத்தைப் பார்த்தேன். மேலே சில வரிகள்தான் தெரிந்தன. அதற்குக் கீழே பக்கமே இல்லை.

என் கணவருக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் டைல்ஸ் கடை. போன் செய்தேன். “ஏங்க, கண்ணு தெரியல” என்று மட்டும் சொன்னேன். உடனே வந்துவிட்டார். பக்கத்துத் தெரு கண் டாக்டர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் என் கணவரிடம் பேசினார்.

“ரெட்டினா பிச்சிக்கிட்டு வருது சார். நடுப்பகுதி இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு. அதுவும் விட்டுடுச்சுன்னா, ஆபரேஷன் பண்ணாலும் படிக்கிற பார்வை வர்றது கஷ்டம். இப்பவே சிட்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் போன் பண்ணிச் சொல்லிடுறேன். தலை குலுங்காம பார்த்துக்கோங்க.”

படிக்கிற பார்வை. அந்த வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது.

காரில் ஏறிச் சிக்னல் வரைக்கும் கூடப் போக முடியவில்லை. ஊருக்குப் போகிற சனம் முழுக்கப் பெருங்களத்தூரில் இறங்கியிருந்தது. தென்பக்கம் போகிற பஸ்கள் வரிசையாக நிற்க, அவற்றுக்கு நடுவே ஷேர் ஆட்டோக்களும் பைக்குகளும் புகுந்து, எதிர்ப்பக்கமும் சேர்ந்து அடைத்துக்கொண்டது. நான் வலது கண்ணைப் பொத்திப் பொத்தி எதிரே நின்ற பஸ்ஸின் ஊர்ப்பலகையைப் படித்துப் பார்த்தேன். ‘திருச்சி’ என்பது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது எழுத்துகளின் அடிப்பாகம் கரைந்திருந்தது. பஸ் நகரவேயில்லை.

“கறை ஏறிக்கிட்டே வருதுங்க” என்றேன்.

அவர் தெரிந்த கடை வாசலில் காரை ஒதுக்கிவிட்டு, “இறங்கு, ட்ரெயின்ல போயிடலாம்” என்றார்.

ஸ்டேஷன் வரைக்கும் நடந்த அந்த நடையை என்னால் மறக்க முடியவில்லை. எதிரே பெட்டியும் மூட்டையுமாகக் கூட்டம் வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தோளும் என் தலையில் மோதப்போவதாகவே தோன்றியது. அவர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, “கொஞ்சம் வழி விடுங்க, கண்ணு சரியில்லாதவங்க” என்று சத்தம் போட்டபடியே நடந்தார். அப்படி என்னை யாரும் அதுவரை சொன்னதில்லை. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் துஆ ஓதியபடி, கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமப்பதுபோல் என் தலையைச் சுமந்துகொண்டு போனேன். நல்லவேளை, நகரத்தை நோக்கிப் போகிற வண்டியில் கூட்டமில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி குலுங்கி நிற்கும்போது அவர் தன் உள்ளங்கையால் என் பின்மண்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நடந்தது. விழித்திரையை ஒட்டவைத்து, அது நகராமலிருக்கக் கண்ணுக்குள் ஒரு வாயுவை நிரப்பினார்கள். வாயு மேல்நோக்கித்தான் போகுமாம். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் முகத்தைத் தரையை நோக்கியே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தின்பது, தூங்குவது எல்லாமே குனிந்தபடிதான். தொழுகையில் தரையில் நெற்றி வைக்கிற சஜ்தா முடியாமல் நீண்டுகொண்டே போவது மாதிரி இருந்தது. ஆனால் சஜ்தாவில் இருக்கிற நிம்மதி இல்லை. கண்கட்டை அவிழ்த்த பிறகும் அந்தக் கண்ணில் கலங்கல்தான் தெரிந்தது. வாயு கரையக் கரையச் சரியாகும் என்றார்கள். சரியாகாவிட்டால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்க வந்த அக்கா, “படிச்சுப் படிச்சே கண்ணைக் கெடுத்துக்கிட்டே” என்று அழுதாள். தரை டைல்ஸைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மைதானோ என்று பட்டது.

அப்போதுதான் புதுக் கருவி வந்து சேர்ந்தது. கொண்டுவந்த பையன் பழையதை வாங்கி, இயக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டது வாசலிலிருந்து காதில் விழுந்தது.

“இன்னா சார் கம்ப்ளைண்ட்டு? சூப்பரா ஒர்க் ஆயிகினு கீது?”

“மிஷின்ல ஒண்ணுமில்லப்பா. புதுசைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடு” என்றார் என் கணவர். கதவைச் சாத்திவிட்டு வந்து, பழைய கருவியை என் கைக்கு எட்டாத அலமாரித் தட்டில் வைத்தார்.

பேப்பரைத் தவிர வேறெதையும் படித்து நான் பார்க்காத மனிதர் அவர். மறுநாள் கடைக்குப் போகாமல், ஜன்னலோரம் கிடந்த அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பில் போட்டுச் சரிபார்க்கிற குரலில் படிக்க ஆரம்பித்தார். ஆண் பேசினாலும் பெண் பேசினாலும் ஒரே குரல்தான். இடையில் எதுவோ தாவியது மாதிரி இருந்தது.

“ஏதாச்சும் விட்டுட்டீங்களா?”

“மரம், மேகம், அதெல்லாம் ஒரு பக்கத்துக்கு வருது. தாண்டிட்டேன்.”

“அதையும் படிங்க.”

படித்தார். கேட்டுக்கொண்டிருக்கும்போது பயம் கொஞ்சம் தள்ளி நிற்கும். அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாயு கரைந்த பிறகு டாக்டர் இடது கண்ணால் பலகையைப் படிக்கச் சொன்னார். எழுத்துகள் தெரிந்தன. ஆனால் வரிகள் தண்ணீருக்குள் இருப்பதுபோல் வளைந்து தெரிந்தன. இது போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். வலது கண்ணிலும் விழித்திரை மெலிந்திருந்த இடங்களுக்கு லேசர் வைத்தார்.

“நான் படிச்சதாலதான் இப்படி ஆயிடுச்சா டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. உங்க பவருக்கு இது வரக்கூடியதுதான். தாராளமா படிங்க.”

“இந்தக் கண்ணுக்கும் வருமா?”

“மாசாமாசம் வந்து காட்டுங்க” என்றார். வராது என்று அவர் சொல்லவில்லை.

மறுபடி வேலைக்குப் போகிறேன். ரயிலில் படிக்கிறேன், எழுத்தை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு. இடது கண்ணுக்கு வரிகள் இன்னமும் வளைந்தே இருக்கின்றன. திரும்பி வரும்போது மட்டும் ஒன்று செய்கிறேன், என் கணவரிடம் இதைச் சொல்லவில்லை. கருவியைப் பைக்குள் வைத்துவிட்டு, போனில் ஒலிநூல் ஒன்றைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பழகுகிறேன். ஆரம்பத்தில் பல்லாவரம் வருவதற்குள் கதையின் நூல் விட்டுப்போகும், பின்னோக்கித் தள்ளித் தள்ளிக் கேட்பேன். இப்போது தாம்பரம் வரைக்கும் விடாமல் பின்தொடர முடிகிறது.