தவிலுக்கு இடையில்

எங்கள் வீட்டில் பேச வேண்டுமென்றால் தவிலிடம் அனுமதி வாங்க வேண்டும். கொல்லங்கோட்டில் அப்பா தவில், சித்தப்பா நாதசுரம். நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரம்தான் இருவரும் சாதகம் செய்யும் நேரம். சோறு கேட்டாலும் யார் காதிலும் விழாது. கத்திப் பார்த்தேன், தொண்டைதான் கட்டியது. பிறகு கண்டுபிடித்தேன்: தவிலின் அடியோடு மோதக் கூடாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சொல்லைச் செருகிவிட வேண்டும். அந்த வழியில் சோறும் வந்தது, பாட்டும் வந்தது.

இன்று மேடையில் ரெகே என்கிற வெளிநாட்டு இசை பாடிப் பிழைக்கிறேன். அறிமுகம் செய்கிறவர்கள் 'இசைக் குடும்பம்' என்று மறக்காமல் சேர்க்கிறார்கள். அந்தக் குடும்பத்தின் மானத்தை நான் ஏழாம் வகுப்பில் வாங்கிய கதை அவர்களுக்குத் தெரியாது.

வட்டாரப் பள்ளிகளின் கலைவிழாவான உபஜில்லா கலோத்சவத்தில் தமிழ்ச் செய்யுள் சொல்லும் போட்டி. முதலிடம் வாங்கினால் அம்மன் கோயில் திருவிழாவில் மேளத்துக்கு நடுவே உட்கார்ந்து பாடலாம் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதுவரை எந்தப் பெண் பிள்ளையும் அங்கே உட்கார்ந்ததில்லை. மாதம் முழுக்க, மழையைப் பற்றிய ஒரு செய்யுளை அப்பாவின் தவிலுக்கு இடையில் புகுந்து புகுந்து பாடினேன். ஒருநாள் சித்தப்பா நாதசுரத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏனுங்ண்ணா, அங்கங்க அடி உட்டுப்போகுதுங்களே. கை சோருதுங்களா?"

"வயசாகுதில்லடா," என்றார் அப்பா. எனக்குப் பாவமாக இருந்தது.

போட்டிக்கு அப்பாவும் சித்தப்பாவும் கூட வந்திருந்தார்கள். பக்கவாத்தியம் கூடாது என்பது விதி. நான் வழக்கம்போலவே பாடினேன். தவில் இல்லாததால் என் சொற்கள் நொண்டியடிப்பது போலக் கேட்டிருக்க வேண்டும். நடுவராக இருந்த டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். தாளம் தவறுகிறது, நேராகச் சொல்வதானால் இன்னொரு முறை சொல்லலாம் என்றார். நேராகவும் எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் திருவிழா மேடை என்னுடையது.

"தவறலீங்க டீச்சர். அடி எங்கப்பாகிட்ட இருக்குதுங்க. நான் எடையில பாடறனுங்க."

கூடமே சிரித்தது. செருப்பில்லாத காலால் மேடைப் பலகையை அப்பாவின் கணக்கில் மிதித்தேன். மிதிக்கு இடையில் அதே செய்யுளை, இன்னும் சத்தமாகப் பாடினேன். மணி அடித்தார்கள். செய்யுள் முடிந்த பிறகே இறங்கினேன்.

சி கிரேடு. "மேளக்காரனூட்டுப் புள்ளைக்குத் தாளம் வர்லைன்னு ஊரே சிரிக்கும்," என்று சித்தப்பா பஸ்ஸில் வழிநெடுகப் பொருமினார். திருவிழாப் பேச்சு அதோடு முடிந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கப்படுகிறார் என்று நான் முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை தவில் தொடங்கியதும், வீம்புக்கு எதிரில் போய் நின்று அதே செய்யுளை அதே மாதிரி பாடினேன். அப்பா தலை நிமிரவில்லை. மறுபடியும் அடி விட்டுப்போகிறது என்று சித்தப்பாதான் குறைப்பட்டார்.

கோயம்புத்தூர் கல்லூரி விடுதியில் முதன்முதலாக ரெகே கேட்டேன். அடிக்கு இடையில் கிட்டார் புகுந்து புகுந்து வந்தது. இது நான் கண்டுபிடித்ததாயிற்றே என்று அறைத்தோழியிடம் சண்டைக்கே போனேன். அந்தக் கர்வத்தில்தான் படிப்பை முடித்த கையோடு மைக்கைப் பிடித்தேன்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அப்பா வாசிப்பதை வெகுநாள் கழித்துக் கேட்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. நான் பாடவில்லை, முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முகூர்த்தம் முடியும்வரை ஓர் அடிகூட விட்டுப்போகவில்லை. நடுவில் நுழைய இடமே இல்லை.