டேங்கின் அடியில் விட்டுவைத்த பெட்ரோல்

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்தையும் துடைத்துக் காலியாக வைக்க நான் விட மாட்டேன். அரிசி டிரம்மில் கடைசிப் பிடி இருக்கும்போதே புது மூட்டை வந்துவிட வேண்டும். உப்பு ஜாடி, விளக்கு எண்ணெய்க் கிண்ணம், குங்குமச் சிமிழ் எல்லாமே அப்படித்தான். மகாலட்சுமி எட்டிப் பார்க்கும்போது வெறும் பாத்திரம் கண்ணில் படக் கூடாது. படகு இன்ஜினின் பெட்ரோல் டேங்கையும் இதில் சேர்த்துக்கொண்டேன். அதுதான் வினையாயிற்று.

பழவேற்காடு ஏரியில் எங்களுக்குச் சின்ன ஃபைபர் படகு ஒன்று உண்டு. அதன் பின்னால் மாட்டுகிற பெட்ரோல் இன்ஜின்தான் எங்களுக்குச் சோறு போடுகிறது. போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்தார்கள். இரண்டு மூன்று மாதம் தண்ணீர்ப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், படகைக் கரையேற்றினோம். அவர் டேங்கைக் கவிழ்த்து வடிக்கப் போனார். நான்தான் தடுத்தேன். தொழில் சாமானை வறள விட்டால் தொழிலும் வறண்டு போகும் என்றேன். அவர் என்னோடு வாதாடுகிற ஆள் இல்லை. அடியில் கொஞ்சம் விட்டு மூடினார். மழைக்காலம் முழுக்க அது கொட்டகையில் கிடந்தது. வெள்ளிதோறும் நான் அதற்குப் பொட்டு வைத்தேன். பெரியபாளையத்து அம்மன் புண்ணியத்தில் அவருக்குப் பார்வை தெளிவாக வந்தது.

தை மாதம் எங்கள் மகளுக்கு ஏழாம் மாதம் முடிய நான்கே நாள் இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுக் கிராமத்தில் அவளைக் கொடுத்திருக்கிறோம். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எட்டாம் மாதத்தில் அழைக்கக் கூடாது. அந்த நான்கு நாளில் புதன்கிழமை ஒன்றுதான் நல்ல நாள். அதிலும் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள் அவள் மாமியார் வீட்டுப் படியைத் தாண்டிவிட வேண்டும்.

புதன் காலை பழைய பெட்ரோலின் மேலேயே புதிது இரண்டு லிட்டர் ஊற்றி, தேங்காய் உடைத்துக் கிளம்பினோம். நாலாவது இழுப்பில் இன்ஜின் பிடித்தது. கொஞ்ச தூரம் போனதும் இருமியது, முக்கியது, நின்றே போயிற்று. மற்றப் படகெல்லாம் விடியற்காலையிலேயே வலைக்குப் போய்விட்டிருந்தன. கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு கரை திரும்பும்போது மணி ஒன்பது தாண்டிவிட்டது.

கரையோரம் இன்ஜின் பழுது பார்க்கிற பாய் கடை இருக்கிறது. பாய் டேங்கை இறக்கிக் குழாயைக் கழற்றினார். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே தட்டில் கற்பூரத்தை வைத்துத் தீப்பெட்டியை எடுத்தேன். பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"யக்கா, அத மொதல்ல அந்தாண்ட எடுத்துகினு போ. இங்க கொளுத்துனா சாமி இங்க வராது, நாமதான் அங்க போவோம்."

தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கே போய்விட்டேன். திரும்பி வந்தபோது பாய் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருந்தது. டேங்கின் அடியிலிருந்து பிடித்த பெட்ரோலை அதில் ஊற்றி வெயிலில் காட்டினார். மேலே பெட்ரோல் தனியாக நிற்க, கீழே கலங்கலாக இன்னொன்று படிந்திருந்தது.

"இன்னா பாய், ரெண்டு மாடி கட்டிகினு கீது?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் வேலையை விடாமலே விளக்கினார். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அதுவும் சாராயம்தான். தினம் ஓடுகிற பைக்கில் அது செலவாகிவிடும். படகு சும்மா கிடந்தால், டேங்கில் இருக்கிற காற்றின் ஈரத்தை அது குடித்துக்கொண்டே இருக்கும். டேங்க் எவ்வளவு காலியோ அவ்வளவு ஈரம். ஈரம் அளவு மீறினால், அந்தச் சாராயம் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து கீழே இறங்கிவிடும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மேலே புதிது ஊற்றினாலும் சரியாகாது. பழைய ரப்பர் குழாயையும் நசுக்கிக் காட்டினார். ஊறின அப்பளம் போல இருந்தது.

"யாரு அடியில வுட்டு வெச்சது?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் ஏரியைப் பார்த்தார். "ஊட்ல ஒரு வழக்கம் பாய்," என்றார். நானே ஒத்துக்கொண்டேன்.

கெட்டுப்போன பெட்ரோலைத் தனி கேனில் பிடித்து மூடினார்கள். ஏரியில் ஊற்றினால் நண்டும் மீனும் சாகும். இந்தப் பெட்ரோலுக்குத் தாங்குகிற புதுக் குழாய் போட்டு, கார்புரேட்டரைக் கழுவி மாட்டுவதற்குள் மணி பத்தாகிவிடும் என்று தெரிந்தது. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, டேங்கில் விட்டுவைத்த கதை முதல் எல்லாவற்றையும் அழாத குறையாகச் சொன்னேன். அந்தம்மா அசரவே இல்லை.

"அதுக்கு இன்னா சம்பந்தி? நல்ல நேரத்துல படி தாண்டுனா போதும்ல? கரையில அம்மன் கோயில்ல குந்த வெக்கிறேன். பன்னண்டு மணி ராகுகாலத்துக்குள்ள நீங்க வந்து கூட்டிகினு போங்க."

புதுப் பெட்ரோலை ஊற்றினோம். இன்ஜின் இரண்டாவது இழுப்பில் பிடித்து, நிற்காமல் ஓடியது. பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் கோயில் நிழலில் காலை நீட்டிக்கொண்டு புளிச்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டேன். சம்பந்தியம்மா மகளைப் படகில் ஏற்றிவிட்டு, டேங்கை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சம்பந்தி, அடியில ஒரு பிடி அரிசியும் போட்டு வெச்சிகிறீங்களா?"

வழி முழுக்க மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவ்வளவு சிரிக்காதே, வயிறு குலுங்கும் என்று நான் திட்டிக்கொண்டே வந்தேன்.

பங்குனியில் அவளுக்கு நாள் நெருங்கியதால் படகைக் கொஞ்ச காலம் நிறுத்தினோம். படகைச் சும்மா போட்டுவைத்தால் டேங்கைக் கழுத்து வரை நிரப்பு, இல்லாவிட்டால் சுத்தமாக வடி, அரைகுறை மட்டும் வேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் டேங்கைக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கேனைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான். கடைசிச் சொட்டு விழும்போது மனசு ஒரு மாதிரிதான் இருந்தது. மூடியில் ஒரு பொட்டாவது வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"வெச்சிக்கோ," என்றார். "கற்பூரம் மட்டும் வாணாம்."