எல்லைக்குள் ஒரு லீக் ஆட்டம்

எங்கள் டீமைப் பற்றி யாராவது "சின்ன லீக்தானே" என்று இழுத்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மூன்றாவது டிவிஷன்தான், ஒப்புக்கொள்கிறேன். டிவியில் காட்ட மாட்டார்கள், டிக்கெட் கிடையாது, பாதி ஆட்டங்களைப் பார்க்க நாலு மோட்டார் சைக்கிள்காரர்கள் நிற்பார்கள். ஆனாலும் அது தேசிய லீக். வடக்கே பெர்லிஸ் முதல் தெற்கே ஜொகூர் வரை உள்ளவர்கள் வந்து மோதுகிற இடம். அங்கே பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் பெயரை முதுகில் போட்டுக்கொண்டு இறங்கியவர்கள் எங்கள் பிள்ளைகள். நான் அவர்களுடைய மேனேஜர். ரவாங் பேக்டரியில் சூப்பர்வைசராக இருக்கிற ஐம்பது வயதுப் பொம்பளைக்கு ஃபுட்பாலில் என்ன வேலை என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும். டீமுக்கு யார் மேனேஜர் என்று கேட்டபோது அந்த ஆம்பளைகளில் ஒருத்தராவது கையைத் தூக்கினார்களா?

தீபாவளிக்கு எஸ்டேட்டுக்கு எஸ்டேட் ஆடுகிற போட்டியில் தொடங்கிய டீம் இது. பிறகு மாவட்ட லீக், பிறகு மாநில லீக், அதில் ஜெயித்து இங்கே வந்தோம். லயத்து வீடுகளை இடித்து, பாதிச் சனம் செரண்டாவுக்கும் ரவாங்குக்கும் போன பிறகும் டீம் கலையவில்லை. முதல் வெளியூர் ஆட்டம் கிளந்தானில். ஏழு கோல் வாங்கினோம். வாடகை வேனில் இரவெல்லாம் உட்கார்ந்து திரும்பி, காலை ஷிப்டுக்கு அப்படியே போனார்கள். கேப்டன் செரண்டாவில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். "ஏழு வாங்குனதுக்கு எம்சி லீவு குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டான். வேனே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டபோதுதான் இதுகள் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

நின்றார்கள். இரண்டாவது வருடம் தட்டுத்தடுமாறி, கடைசி ஆட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். தோற்காமல் ஒரு புள்ளி எடுத்தால் லீக்கில் இருப்போம். தோற்றால், அல்லது ஆட்டத்துக்கே வராமல் போனால், மறுபடியும் மாநில லீக்கின் அடிமட்டம். எதிரே வந்தவர்கள் பேராக் கடலோரத்து மீன்பிடி ஊர்க்காரர்கள், எல்லாரும் மலாய்க்காரப் பையன்கள். அவர்கள் ஜெயித்தால் மேல் டிவிஷனுக்குப் போவார்கள். ஆக இரண்டு பக்கமும் உயிர் போகிற ஆட்டம்.

சனிக்கிழமை, எங்கள் ஹோம் திடலான கோலசிலாங்கூர் டவுன் திடலில் ஆட வேண்டியது. மழை பிடித்துக்கொண்டது. கணுக்கால் வரை தண்ணீர். தேதி பிறகு சொல்கிறோம் என்று ரெஃப்ரி ஒத்திவைத்துவிட்டார். மறுநாள் ஞாயிறு, எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் தீமிதித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு. இங்கேதான் எங்கள் சனம் எங்கள் சனமாக நடந்துகொண்டது. புதுத் தேதி என்றைக்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல், லீக்கில் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, கீப்பரிலிருந்து ரிசர்வ் வரை மொத்த டீமும் கையை நீட்டி மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டது. ஒரு வாரம் லீவு, கோயிலிலேயே தங்கல், மரக்கறிச் சாப்பாடு, அடுத்த ஞாயிறு பூக்குழி. நானும் கட்டிக்கொண்டேன், குலவையும் போட்டேன்.

திங்கட்கிழமை லீக்கிலிருந்து போன். ஆட்டம் வருகிற சனிக்கிழமை, அதே டவுன் திடல்.

காப்புக் கட்டியவன் திருவிழா முடிகிறவரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் கோயிலில் அது கண்டிப்பு. டவுனோ புக்கிட் ரோத்தானையும் தாண்டி இருக்கிறது. லீக்கில் நிற்பதற்காகக் கட்டிய கயிறே லீக்கிலிருந்து எங்களைத் தள்ளப் பார்க்கிறது! கோயிலுக்கு ஓடினேன். பூசாரி வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு நாளு மட்டும் அவுத்துட்டுக் கட்டலாமா?"

"என்னாமா பேசுற? அம்மாவுக்குக் கட்டுனத அவுக்க நான் யாரு?"

"அப்ப டீமு நாசமாப் போவட்டும்னு சொல்றீங்களா?"

"நான் எங்கம்மா அப்படிச் சொன்னேன்? தாண்டக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆடக் கூடாதுன்னு சொல்லலையே."

எனக்குப் பொறி தட்டியது. "எல்லை எது வரைக்கும்ணே?"

அவர் கையை நீட்டினார். மேற்கே எஸ்டேட் கணக்கரான கிராணியின் பழைய வீடு, வடக்கே ரப்பர் புகைக் கூடம், தெற்கே ரோட்டு முக்கு, கிழக்கே வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒட்டினாற்போல எஸ்டேட்டின் பழைய திடல், எங்கள் டீம் பிறந்த திடல், மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

லீக் ஆபிசருக்குப் போன் போட்டேன். மலாய்க்காரர், நல்ல மனிதர், ஆனால் சட்டம் பேசுகிறவர். நான் சொல்லி முடித்ததும் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு, திடல் அளவு சரியாக இருந்து, எதிர் டீமும் சம்மதித்தால் "போலே" என்றார். அந்த ஒரு 'ஆகட்டும்' எனக்குப் போதும். எதிர் டீமின் கேப்டனிடம் காப்பு விஷயத்தைச் சொல்லி நானே பேசினேன். எங்கே ஆடினாலும் ஜெயிக்கப் போவது நாங்கள்தான், மக்சிக் கவலைப்பட வேண்டாம் என்றான், சொந்த அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி. திமிரைப் பாருங்கள்! ஆனாலும் அவன்மேல் எனக்கு அப்போதே ஒரு பிரியம் வந்துவிட்டது.

அந்த வாரம் எஸ்டேட்டே திடலில் கிடந்தது. லாலான் புல் வெட்டினார்கள், சாணி அள்ளினார்கள், சுண்ணாம்பில் கோடு போட்டார்கள். ஆபிசர் வந்து டேப் பிடித்துப் பார்த்தால் ஒரு கோல் போஸ்ட் ஒரு சாண் குட்டை. வருடக்கணக்கில் மண் ஏறியிருக்கிறது. போஸ்ட்டை உயர்த்த நேரமில்லை என்று எங்கள் ஆட்கள் கோல் வாயிலையே வெட்டித் தாழ்த்தி, இழுத்து நிரவிவிட்டார்கள். ஆபிசர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். வாய்க்கால் குறுகலானாலும் ஆழம் என்பதால் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் யோசித்தோம். அந்தப் பக்கம் பந்து போனால் யார் எடுப்பது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை எதிர் டீமின் பஸ் வாய்க்காலுக்கு அப்பால் ரோட்டில் நின்றது. ஒற்றையடிப் பாலத்தில் வந்தார்கள். கையில் கெட்டியான பொருள் எதுவும் கூடாது என்பது ஆட்டச் சட்டம், அதனால் ரெஃப்ரி எங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மஞ்சள் கிழங்குத் துண்டு இல்லாமல் வெறும் நூலாகத்தான் பூசாரி கட்டியிருந்தார். ரெஃப்ரி சரி என்று தலையாட்டினார்.

முதல் பாதியிலேயே ஒரு கோல் வாங்கினோம். பந்து வாய்க்காலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எங்கள் பையன்கள் கரையில் பிரேக் போட்டு நின்றார்கள்; பார்க்க வந்த எங்கள் சனமும் காப்புக் கட்டியவர்கள்தான். எதிர் டீமின் ரிசர்வ் பையன்கள்தான் சிரித்துக்கொண்டே போய் எடுத்து வந்தார்கள். மாற்றுப் பந்துகள் செம்பனை மரங்களுக்குள் தொலைந்துவிட்டன. மிச்சம் ஒன்றே ஒன்று.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இன்னும் ஒன்றுக்குப் பூஜ்யம். எங்கள் கேப்டன் ஓரமாகப் பந்தோடு ஓடினான். அவர்கள் ஆள் ஒருவன் பந்தை ஓங்கி உதைத்தான், அது வாய்க்காலுக்கு அப்பால் விழுந்தது. த்ரோ எங்களுக்கு. பந்து அங்கே. ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த முறை ரிசர்வ் பையன்கள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருப்பார்களா? அப்படியே உட்கார்ந்திருந்தால் மேல் டிவிஷன். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கேப்டன் கரை விளிம்பு வரை வந்து நின்றுவிட்டான். ஒரு தாவு தாவினால் பந்து. "தாண்டாதடா!" என்று நான் கத்தினேனா, "தாண்டுடா!" என்று கத்தினேனா, சத்தியமாக எனக்குத் தெரியாது. அவன் தாண்டவில்லை.

தாண்டியது அவர்கள் கேப்டன். நடுத் திடலிலிருந்து ஓடி வந்து, வாய்க்காலை ஒரே தாவாகத் தாவி, பந்தை எடுத்து எங்கள் பையன் கையில் வீசினான். அவன் ஆட்களே அவனைத் திட்டினார்கள். த்ரோ போனது, ஒரு தலை எம்பியது, வெட்டித் தாழ்த்திய அந்தக் கோலுக்குள் பந்து விழுந்தது. ஐயோ, அந்தச் சத்தம்! கோயில் மேளக்காரர் பம்பையை எடுத்து அடித்தே விட்டார். தலைகால் புரியாமல் ஓடிய என் பிள்ளைகள் வாய்க்கால் கரை வந்ததும் சடக்கென்று நின்றார்கள். அந்த நேரத்திலும் ஒருவன் கால்கூட அந்தப் பக்கம் போகவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன். பெருமையில்தான் அழுதேன், வேறு என்ன?

ஒன்றுக்கு ஒன்று. நாங்கள் லீக்கில் நின்றோம். அவர்கள் மேலே போகவில்லை.

பாலத்தைக் கடந்து பஸ்ஸுக்குப் போனவர்கள் கரையோரம் வந்து நின்றார்கள். எங்கள் பிள்ளைகள் இந்தக் கரையில். மஞ்சள் நூல் கட்டிய கைகள் தண்ணீருக்கு மேல் நீண்டன, அந்தப் பக்கத்துக் கைகள் வந்து பிடித்துக்கொண்டன. நான் அந்தக் கேப்டனைப் பார்த்து என் ஓட்டை மலாயில் கேட்டேன், ஏன்பா எடுத்துக் கொடுத்தாய் என்று.

"நீங்க சாமிக்குக் குடுத்த வாக்கால நான் ஜெயிக்கணுமா, மக்சிக்?" என்றான் மலாயில். பிறகு பஸ் படியில் ஏறியவன் திரும்பிக் கத்தினான்: "அடுத்த வருசமும் இதே டிவிஷன்லதான் இருப்போம். வர்றதுக்குள்ள இந்த வாய்க்கால் ஓரமா ஒரு வலை கட்டி வைங்க!"

கட்டிவிட்டோம்.