அரசியின் பிறந்தநாளில் ஒரு செத்தவீடு

கேட்காமலே கொளுத்தியிருக்கலாம். கனடாவில், இந்த ஸ்காபரோவில் தீபாவளிக்கும் கலியாணத்துக்கும் எங்கள் ஆட்கள் கேட்டுவிட்டா வெடி கொளுத்துகிறார்கள்? ஆனால் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி. எதைச் செய்வதென்றாலும் அரசாங்கத்திடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். வீட்டு வாசலில் நிற்கிற மரத்தின் கிளையை வெட்டுவதற்கும் கேட்டிருக்கிறேன். அப்படித்தான் என் மைத்துனரின் செத்தவீட்டுக்கு வெடி கொளுத்தலாமா என்று நகரசபைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

மைத்துனர் என்றால் மனைவியின் ஒரே அண்ணர். வன்னியில், போரின் கடைசிக் கிழமைகளில், தண்ணீர் எடுப்பதற்காகப் பதுங்குகுழியை விட்டு வெளியே வந்தவர் ஷெல் விழுந்து செத்துப்போனார். அகதி முகாமுக்குள் வந்து சேர்ந்த ஒரு உறவுக்காரர் யாருடைய கைத்தொலைபேசியிலோ அழைத்துச் செய்தியைச் சொன்னார். அந்த இடத்திலேயே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு எல்லோரும் ஓடினார்களாம். யாரும் தேவாரம் படிக்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை. மனைவி அழுது ஓய்ந்தபிறகு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் பாடை புறப்பட்டால் அதற்கு முன்னால் ஒருவர் சீனவெடி கொளுத்திக்கொண்டே போவார். சத்தம் கேட்டதும் சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நிற்பார்கள், கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்துவார்கள். ஒரு மனிதர் போகிறார் என்று ஊருக்குச் சொல்கிற சத்தம் அது. மனைவியின் ஊரில் யாருடைய செத்தவீடென்றாலும் முன்னால் வெடி கொளுத்திக்கொண்டு போகிறவர் இந்த அண்ணர்தான். யாரும் கூப்பிட வேண்டியதில்லை, தானாகவே வந்து நிற்பாராம்.

“அண்ணைக்கு ஒருத்தரும் கொளுத்தேல்லை. ஒரு வெடியெண்டாலும் கொளுத்துவம்,” என்றாள்.

நகரசபையில் பேசிய பெண் மிகவும் மரியாதையானவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. என்ன நிகழ்வு என்று கேட்டார். மரணச்சடங்கு என்றேன். உடல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டார். உடல் இல்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு ஆறுதலாக எல்லாவற்றையும் விளக்கினார். சீனவெடி இந்த நாடு முழுவதும் தடை, யார் கேட்டாலும் அனுமதி கிடையாது. வானத்தில் போய்ப் பூக்கிற வாணவெடி என்றால் அனுமதி எடுக்க வேண்டும், அதற்கு நாள் செல்லும். ஆனால் விக்டோரியா தினத்திலும் கனடா தினத்திலும் மட்டும் அனுமதி தேவையில்லை. வருகிற திங்கட்கிழமை விக்டோரியா தினம், அன்றைக்கு உங்கள் சொந்தக் காணியில் தாராளமாகக் கொளுத்தலாம்.

எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு மகாராணியின் பிறந்தநாளுக்கு வெடி கொளுத்தலாம். இப்போது செத்த மனிதருக்குக் கொளுத்த வேண்டுமென்றால், அவர் அந்த மகாராணியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட வார இறுதியைச் சந்தோஷமாகக் கழியுங்கள் என்று வாழ்த்திவிட்டு அந்தப் பெண் தொலைபேசியை வைத்தார். நானும் நன்றி சொன்னேன். வாயில் வேறென்ன வரும்?

சனிக்கிழமை, பிளாசாவின் கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த வெடிக் கூடாரத்துக்குப் போனேன். நிறம் வராமல் சத்தம் மட்டும் வருகிற வெடி இருக்கிறதா என்று அங்கே நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சத்தம் மட்டும் வருவதைத்தான் தடைசெய்திருக்கிறார்கள் என்றாள். வானத்தில் பூப் பூத்தால் சத்தமும் வரலாமாம், பூக்காமல் வெடித்தால் குற்றமாம். இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் ஒரு செத்தவீட்டுக்காவது போயிருக்க மாட்டார்களா என்று நினைத்தேன். பெட்டிகளின் மேல் டிராகனும் நட்சத்திரமும் சிரிக்கிற நிலாவும் போட்டிருந்தன. வெள்ளி நிறம் மட்டும்தான் வரும் என்று அவள் உறுதியாகச் சொன்ன ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை விடிந்தபோது இலங்கை இராணுவம் வென்று போர் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். கொழும்புத் தெருக்களில் சனம் கொடியோடு ஆடியது. சந்தோஷ நாளில் சமைக்கிற பாற்சோறு கொடுத்தார்கள். சீனவெடியைக் கட்டுக்கட்டாகப் போட்டுக் கொளுத்தினார்கள். எனக்கு அனுமதி கிடைக்காத அதே வெடி. எனக்குத் தொலைக்காட்சியைத் தூக்கி உடைக்க வேண்டும் போலிருந்தது.

இன்றைக்கு வேண்டாம், கனடா தினம்வரை பொறுப்போம் என்று மனைவியிடம் சொன்னேன். இன்றைக்கு ஒரு தமிழ் வீட்டில் வெடிச்சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனம் என்ன நினைக்கும்? அவள் தொலைக்காட்சியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அவங்கள் கொளுத்துறாங்கள் எண்டதுக்காக என்ரை அண்ணை வெடியில்லாமல் போறதே?”

நான் போய் வாளிக்கு மண் அள்ளினேன்.

இருட்டத் தொடங்கியதும் நாலா பக்கமும் வெடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மனைவியின் தோள் குலுங்கியது. பின்வளவில் ஒரு வாளி மண்ணுக்குள் வெடியை நட்டேன். அந்த ஆத்திரத்திலும் பெட்டியில் எழுதியிருந்த பாதுகாப்பு விதிகளை ஒன்றுவிடாமல் வாசித்தேன். திரியில் நெருப்பு வைத்ததும் அது சீறிக்கொண்டு மேலே போய் வெடித்தது. ரோஸ் நிறம். அதற்குப் பிறகு பச்சை. வெள்ளியாவது மண்ணாவது.

வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டில் இருக்கிற, நாங்கள் அண்ணை என்று கூப்பிடுகிற தமிழரின் முகம் தெரிந்தது. போரை நிறுத்தச் சொல்லி டவுன்டவுனில் நடந்த போராட்டங்களுக்கு, வேலையையும் விட்டுவிட்டு, குளிரிலும் மழையிலும் போய் நின்ற மனிதர்.

“உங்களுக்கென்ன விசரே? தமிழ்ச் சனம் வெடி கொளுத்துற நாளே இண்டைக்கு?”

நான் நகரசபை, அனுமதி, விக்டோரியா தினம் என்று சட்டத்தை விளக்கத் தொடங்கினேன். உலகத்தில் வேறு எவனாவது அந்த நேரத்தில் சட்டம் பேசியிருப்பானா தெரியாது. மனைவி என்னை இடைமறித்தாள்.

“அண்ணை, இது என்ரை அண்ணைக்கு. செத்தவீட்டு வெடி.”

முகம் வேலியிலிருந்து மறைந்தது. கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பக்கத்துப் படலை திறந்தது. அவர் உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மனைவிக்குப் பக்கத்தில் நின்றார்.

நான் அடுத்ததைக் கொளுத்தினேன். அது மஞ்சளும் ஊதாவுமாக விரிந்தது. பின்வீட்டோடு ஒட்டிய மரமேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் கை தட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். ஒரு ஆண்குரல் எங்களுக்கு விக்டோரியா தின வாழ்த்துச் சொன்னது. எனக்குக் கோபம் தலைக்கு மேல் ஏறிவிட்டது. இத்தனை நாள் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசி அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து அவர்களைப் பார்த்துக் கத்துவதற்காகத் திரும்பினேன். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“விடுங்கோ. அண்ணையின்ரை செத்தவீட்டுக்கு இவ்வளவு சனமாவது வரட்டும்,” என்றாள். “மற்றதையும் கொளுத்துங்கோ.”